தங்கச்சி மகளுக்கு 14 மாசம், எடை 7 கிலோ 100. என்ன செய்யலாம்?

கப்பலூர்க்காரன் | ஞாயிறு, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா வாசிச்சிட்டு மட்டும் போறவன், இதுதான் முதல் பதிவு. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

தங்கச்சியை உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கோம். மாப்ளைக்கு டைல்ஸ் ஒட்டுற வேலை, மாசத்துல பாதி நாள் திருப்பூர்தான். தங்கச்சி மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகுது. மூத்தது பொம்பளப்பிள்ளை, 14 மாசம். பிறந்தப்ப 2 கிலோ 300 இருந்துச்சு, இப்ப 7 கிலோ 100. போன வாரம் அங்கன்வாடியில கையில ஒரு பட்டையைச் சுத்திப் பாத்து "மஞ்சள்"னு எழுதியிருக்காங்க. இதுக்கிடையில தங்கச்சி மறுபடியும் முழுகாம இருக்கு, நாலு மாசம். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.4.

ஊர்ல பட்சி தோஷம்னு சொல்லி மந்திரிச்சுக் கயிறு கட்டியாச்சு. கர்ப்பப்பால் பிள்ளைக்கு ஆகாதுன்னு தாய்ப்பாலையும் நிப்பாட்டியாச்சு. நான் போனப்ப கடையில விக்கிற சத்து பவுடர் டப்பா பெருசா ரெண்டு வாங்கிட்டுப் போனேன். வீட்டுல இருக்க ஏழு பேரும் பால்ல கலக்கிக் குடிச்சு நாலே நாள்ல காலி. அதுல பிள்ளைக்கு எத்தனை டம்ளர் போச்சு, தங்கச்சிக்கு எத்தனை போச்சுன்னு கேக்க எனக்கு வாய் வரலை. பொண்ணு கொடுத்த இடம்.

தாய்மாமன் நான். காசு செலவழிக்கத் தயார். எதுல செலவழிக்கிறதுன்னுதான் தெரியலை.

வில்லாபுரம் சேகர் | ஞாயிறு, இரவு 11.05

தம்பி, சும்மா பயப்படாதீங்க. இந்தப் பட்டை, அட்டை எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் போட்ட கணக்கு. நம்ம பிள்ளைக கொஞ்சம் பொடிசாத்தான் இருக்கும். எங்க அப்பத்தா பத்துப் பிள்ளை பெத்துச்சு, ஒரு மாத்திரை முழுங்கினது கிடையாது. கேப்பைக் கூழும் கருவாடும்தான்.

பேரையூர் டீச்சர் | ஞாயிறு, இரவு 11.12

சேகர் அண்ணே, பத்துப் பெத்துச்சு, சரி. எத்தனை தங்குச்சு?

வில்லாபுரம் சேகர் | ஞாயிறு, இரவு 11.31

அஞ்சு.

பேரையூர் டீச்சர் | திங்கள், காலை 6.15

தம்பி கப்பலூர், நான் அங்கன்வாடியில 26 வருசமா இருக்கேன். பிள்ளைக டீச்சர்னு கூப்பிடும், அதான் இந்தப் பேரு. ராத்திரி உங்க பதிவைப் பாத்துட்டுத் தூக்கம் வரலை, ஏன்னா இதே கதையோட என் மையத்துல இப்ப மூணு பிள்ளை இருக்கு.

அந்தப் பட்டை மேல் கை சுற்றளவு பாக்கிறது. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஒரே அளவுதான். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ போனா சிவப்பு. 11.5ல இருந்து 12.5 வரைக்கும் மஞ்சள். அதுக்கு மேல பச்சை. மஞ்சள்னா பிள்ளை ஆபத்தான எடத்துல இல்ல, ஆனா வாசப்படியில நிக்குது. ஒரு வயித்துப்போக்கு, ஒரு காய்ச்சல் வந்தாப் போதும், பத்து நாள்ல சிவப்புக்கு இறங்கிரும். ரெண்டு பாதத்தையும் கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க. பள்ளம் விழுந்து அப்படியே நின்னுச்சுன்னா பட்டை என்ன நிறம் காட்டினாலும் அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரணும்.

இப்ப நான் ஒரு கேள்வி கேக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தங்கச்சி காலையில எத்தனை மணிக்குப் பூ எடுக்கப் போகுது, எத்தனை மணிக்கு முதல் சோறு திங்குது? அது வர்ற வரைக்கும் பிள்ளைக்கு யார், என்ன கொடுக்கிறாங்க?

கப்பலூர்க்காரன் | திங்கள், மதியம் 1.50

போன் போட்டு விசாரிச்சேன் அக்கா. நாலரைக்கு எந்திரிச்சு ஒரு டீ. அஞ்சு மணிக்குத் தோட்டம். பூ எடுத்து எடை போட்டுக் கொடுத்துட்டு வீட்டுக்கு வர பத்தரை ஆயிருது. அப்புறம்தான் சாப்பாடு. பிள்ளையை அத்தை, அதான் தங்கச்சி மாமியார், பாத்துக்கிருது. காலையில டீயில ரஸ்க் நனைச்சு ஊட்டுமாம். பத்து மணிக்குக் கஞ்சித்தண்ணி. இடையில அழுதா கடையில அஞ்சு ரூபா பாக்கெட்.

இம்புட்டு வருசமா தங்கச்சி காலையில என்ன சாப்பிடுதுன்னு நான் கேட்டதே இல்லைங்கிறது இப்பத்தான் உறைக்குது.

சிம்மக்கல் மாறன் | திங்கள், மாலை 4.20

காலை உணவுன்னு சொன்னதும் ஒரு விஷயம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல தொடங்கினதே நம்ம மதுரையிலதான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில. 1920ல சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில நீதிக்கட்சி ஆரம்பிச்சது, காமராசர் 1956ல மாநிலத்துக்கே கொண்டு வந்தது, எம்.ஜி.ஆர் 1982ல விரிச்சது, அப்புறம் முட்டை. பிள்ளைகளுக்குச் சோறு போடுறதுல உலகத்துக்கே பாடம் எடுக்கிற மாநிலம் இது. இதையெல்லாம் சொல்லாம சும்மா குறை சொல்லிக்கிட்டே இருக்கக் கூடாது.

நாகமலை பேராசிரியர் | திங்கள், இரவு 8.30

மாறன் சொன்ன ஒவ்வொரு ஆண்டும் சரி. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கிற தட்டுகள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துத் தட்டுகள். கப்பலூர் தம்பியின் மருமகள் அந்தத் தட்டுக்கு வந்து சேர இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

வயது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன், நான் பொருளாதார வகுப்பில் வருடா வருடம் எடுப்பது. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு. 1969இல் அங்கே நாலு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு கிராமங்களில் புரதமும் சத்தும் சேர்த்த 'அத்தோலே' என்ற கஞ்சி. மற்ற இரண்டில் புரதமே இல்லாத 'ஃப்ரெஸ்கோ' என்ற இனிப்புப் பானம். 1977 வரை கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு மறுபடி தேடிப் பிடித்துக் கணக்கெடுத்தார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை அத்தோலே குடித்த ஆண்கள், மணிக்கு 46 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு அதே கஞ்சியைக் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. (பெண்களுக்குக் கூலி கூடவில்லை. அது வேறு கதை, மதுரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.)

கருவில் 270 நாள், பிறகு இரண்டு வருடம். ஆயிரம் நாள் என்று சொல்வது இதைத்தான். நம் காலண்டரில் அந்தக் குழந்தைக்கு இன்னும் பத்து மாதம் மிச்சம். வயிற்றில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட முழுசும் மிச்சம்.

சேகர் அவர்களுக்கு: அந்த அளவுகோல் வெள்ளைக்காரக் குழந்தைகளை வைத்துப் போட்டதில்லை. இப்போது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வளர்ச்சிக் கணக்கு 2006இல் வந்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்தார்கள். நல்ல சாப்பாடு, தாய்ப்பால், சுத்தமான வீடு இருந்த டெல்லிப் பிள்ளை, நார்வேப் பிள்ளையைப் போலவே வளர்ந்தது. அந்தக் கணக்குப்படி 14 மாதப் பெண் குழந்தைக்கு நடு எடை 9.4 கிலோ.

வில்லாபுரம் சேகர் | திங்கள், இரவு 9.02

சரி சார். ஓமன் வரைக்கும் போயிருக்காங்கன்னா நான் வாயை மூடிக்கிறேன்.

நர்ஸ் மதினி | செவ்வாய், காலை 5.40

ராத்திரி டூட்டி முடிச்சிட்டு எழுதுறேன். சுருக்கமாத்தான் வரும்.

ரத்தம் 8.4ங்கிறது நடுத்தர ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11 இருக்கணும். ஏழுக்குக் கீழ போனாத்தான் கடுமைன்னு பேரு, ஆனா 8.4ஓட பிரசவ அறைக்கு வர்ற பொண்ணைப் பாத்தா எங்களுக்குக் கை நடுங்கும். சாதாரணமாப் போற ரத்தமே இவங்களுக்குத் தாங்காது. வயித்துல இருக்கிறதும் எடை குறைஞ்சுதான் வரும். மூத்தது 2.3ல பிறந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்பவும் இவங்களுக்கு ரத்தம் குறைவாத்தான் இருந்திருக்கும், பழைய அட்டையை எடுத்துப் பாருங்க.

மாத்திரை கொடுத்திருப்பாங்க. சாப்பிடுதான்னு கேட்டா "ஆமா"ன்னுதான் சொல்லும். வீட்டுல எங்கயாவது சொருகி வச்சிருக்கும். மலம் கருப்பாப் போகும், மலச்சிக்கல் வரும், குமட்டும். யாரும் இதை முன்கூட்டிச் சொல்றதில்லை, அதுக பயந்து நிப்பாட்டிருதுக. மாத்திரை போட்டா கருப்பாத்தான் போகும், பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க. ராத்திரி சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது போடட்டும், குமட்டல் தூக்கத்துல போயிரும். எலுமிச்சை பிழிஞ்ச தண்ணியோட போட்டா இரும்பு நல்லாச் சேரும். டீயோட போட்டா சரியாச் சேராது. டீக்கும் மாத்திரைக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் சேத்துப் போடக் கூடாது, அது காலை மதியம், இது ராத்திரி. பூச்சி மாத்திரை ஒண்ணு நாலாவது மாசத்துலயே போடுவாங்க, கேட்டு வாங்கச் சொல்லுங்க.

8.4க்கு ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரை. ஒரு மாசத்துல ஒரு புள்ளியாவது ஏறணும். ஏறலைன்னா இரும்புச் சத்து ஊசி டிரிப்ஸ்ல ஏத்துவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே உண்டு. கூடவே ஏன் ஏறலைன்னும் பாக்கணும்.

தாய்ப்பால்: கர்ப்பமா இருக்கும்போது பால் கொடுக்கிறதால பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் இல்ல. மாந்தமும் வராது. அம்மாவுக்கு அதுக்கேத்த சாப்பாடு போகணும், அம்புட்டுத்தான். நிப்பாட்டி எத்தனை நாள் ஆச்சு? பத்துப் பதினஞ்சு நாள்னா மறுபடி வச்சுப் பாக்கலாம், முன்னாடி கருக்கலைஞ்சிருந்தா மட்டும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ஓய்வுத் தமிழாசிரியர் | செவ்வாய், காலை 9.10

இதைப் படித்ததும் ஒரு சொல் நினைவுக்கு வந்தது. 'சவலைப் பிள்ளை' என்று நம் பக்கம் சொல்வோமே, அடுத்தது வயிற்றில் தங்கியதால் தாய்ப்பால் அறுந்து மெலியும் பிள்ளை. அகராதியிலும் இதே பொருள்தான்.

சிசிலி வில்லியம்ஸ் என்றொரு மருத்துவர் இன்று கானா என்கிற கோல்டு கோஸ்டில் வேலை பார்த்தவர். கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி இறக்கும் குழந்தைகளைப் பற்றி 1933இல் எழுதினார். 1935இல் அந்த நோய்க்கு அந்த ஊர்த் தாய்மார் சொன்ன பெயரையே வைத்தார்: குவாஷியோர்கர். கா மொழியில் அதற்குப் பொருள், அடுத்தது பிறக்கும்போது முந்தைய பிள்ளைக்கு வருகிற நோய். கடல் தாண்டி இரண்டு ஊர்த் தாய்மார் ஒரே விஷயத்தைக் கண்டு ஒரே மாதிரிச் சொல் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் இடையில் பட்சியை எங்கிருந்து பிடித்தார்களோ தெரியவில்லை.

மேலூர் மாப்ள | செவ்வாய், காலை 9.45

பட்சிக்கு மந்திரிச்சவருக்கு எவ்வளவு தட்சிணை? அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வந்திருக்கும்? சும்மா கணக்குக்காக் கேக்கேன்.

பேரையூர் டீச்சர் | செவ்வாய், மதியம் 2.30

மேலூர் தம்பி, கிண்டல் வேண்டாம். அந்தக் கயிறு கட்டினது, பிள்ளைக்கு ஏதோ சரியில்லைன்னு அந்த அத்தை கவனிச்சதுனாலதான். கண்டுக்காத வீட்டுல கயிறே இருக்காது. கயிறு கையில இருக்கட்டும், கஞ்சியை மட்டும் மாத்துவோம்.

கஞ்சித்தண்ணிக்கு வர்றேன். ஏழு கிலோ பிள்ளையோட வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லிதான் பிடிக்கும், ஒரு டம்ளர். அதுல தண்ணியை ரொப்பிட்டா வயிறு நிறைஞ்சிரும், பிள்ளையும் அழுகையை நிப்பாட்டிரும், பாட்டிக்கும் நிம்மதி. உடம்புல ஒண்ணும் சேராது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கே இந்த வயசுல வெளிச் சாப்பாட்டுல இருந்து நாளைக்கு 550 கலோரி வேணும். பால் நின்னு போன பிள்ளைக்கு அதுக்கும் மேல. கரண்டியில எடுத்துச் சாய்ச்சா வழியாம நிக்கணும், அந்தப் பதம். சோறு, பருப்பு, மசிச்ச கீரை, மேல ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ. எண்ணெய் ஊத்தினா வயித்துல இடம் அடைக்காம பலம் கூடும். முட்டை தினம் ஒண்ணு, மசிச்சு. மூணு நாலு வேளைச் சாப்பாடு, நடுவுல ரெண்டு தடவை வாழைப்பழமோ இட்லியோ. அந்தப் பாக்கெட்டைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கொடுத்தாங்கன்னா நீங்க தங்கத்துல சமைச்சு வச்சாலும் பிள்ளை வாய் திறக்காது.

ஊட்டுறவங்க சோப்புப் போட்டுக் கை கழுவணும். பிள்ளைக்குத் தனிக் கிண்ணம். பெரிய தட்டுல ஒரு ஓரத்துல வச்சு ஊட்டினா எவ்வளவு போச்சுன்னே தெரியாது.

எங்க சத்துமாவைப் பத்தியும் சொல்லிர்றேன், யாராவது கேப்பீங்க. ஆமா, நிறைய வீட்டுல மாட்டுக்குத்தான் போகுது. பேப்பர்க்காரங்க அதைப் போட்டுச் சிரிக்கிறாங்க. கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் இருக்கிற மாவு அது. வெந்நீர்ல கொட்டிக் கிண்டினா கட்டி கட்டியா, பிள்ளை துப்பிரும். லேசா நெய் விட்டு வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, கொழுக்கட்டையா அவிச்சுக் கொடுத்தா என் மையத்துல கேட்டு வாங்கித் திங்குதுக. அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு வீடு வீடாப் போகணும். இப்ப என் பகல் பூராம் செல்போன்ல தாய்மாரைப் போட்டோ பிடிச்சு முகம் சரிபாக்கிறதுலயே போயிருது. வெயில்ல நின்னு கண்ணைச் சிமிட்டச் சொல்லி, சிக்னல் போயி, மறுபடி சிமிட்டச் சொல்லி.

நாகமலை பேராசிரியர் | செவ்வாய், இரவு 9.15

டீச்சர் சொன்ன கடைசிப் பத்தியை யாராவது கோட்டைக்கு அனுப்ப வேண்டும்.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டு எண்கள் சில. ஆஸ்பத்திரியில் பிரசவம் 99.6 சதவீதம். ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60 சதவீதம் சுமார். ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறது, பக்கத்திலேயே நர்ஸ் இருக்கிறார், அப்புறம் ஏன்? 100 பிரசவத்தில் 45 அறுவைச் சிகிச்சை என்பது ஒரு காரணம். சீனித்தண்ணீரும் கழுதைப்பாலும் கட்டில் வரைக்கும் வந்துவிடுவது இன்னொரு காரணம். கர்ப்பிணிகளில் ரத்தசோகை 48.3. ஐந்து வயதுக்குள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25. இந்திய அளவில் இது 35.5, ஆகவே நாம் தேவலாம். நாலில் ஒரு பிள்ளை என்று சொல்லிப் பார்த்தால் அவ்வளவு தேவலாமாகத் தெரியவில்லை.

பெரு நாட்டில் 2008இல் 28 சதவீதம் இருந்த இதே உயரக் குறைவு 2016இல் 13 ஆனது. ஏழைத் தாய்மாருக்குப் பணம் கொடுத்தார்கள். அதைக் குழந்தையை எடை பார்க்கக் கொண்டுவருவதோடு முடிச்சுப் போட்டார்கள். உங்கள் பிள்ளை குள்ளமாக இருப்பது சாதியாலோ ரத்தத்தாலோ இல்லை என்று தாய்மாருக்கே புரியும்படி காட்டினார்கள்.

சிம்மக்கல் மாறன் | செவ்வாய், இரவு 9.50

பணம்னா நம்மகிட்டயும் இருக்கே சார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 18,000 ரூபாய். அதுல 14,000 பணம், மிச்சம் ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமா வரும். முதல் ரெண்டு பிரசவத்துக்கும் உண்டு. தம்பி, தங்கச்சிக்கு இந்தத் தடவை பதிவு எண் வாங்கியாச்சான்னு பாருங்க, கிராம சுகாதார செவிலியர்கிட்ட போனாப் போதும்.

கப்பலூர்க்காரன் | செவ்வாய், இரவு 10.20

பதிவு ஆயிருச்சு அண்ணே. போன பிரசவத்துப் பணம் வந்தப்ப அது போர்வெல் மோட்டாருக்குப் போச்சு. பெட்டகத்துல வந்த பேரீச்சம்பழமும் நெய்யும் எங்க டப்பா மாதிரியேதான், ஏழு பேருக்கும் பங்கு. யாரையும் குத்தம் சொல்லலை. அந்த வீட்டுல இனிப்புன்னு எது வந்தாலும் பங்குதான், நானும் அப்படித்தான் வளந்தேன். இதைத்தான் எப்படித் தாண்டுறதுன்னு தெரியலை.

கொட்டாம்பட்டி ஆத்தா | புதன், காலை 11.00

(ஆத்தா சொல்லச் சொல்ல பேத்தி நான் டைப் பண்றேன்.)

அய்யா, எனக்கு இந்த வேலை தெரியும். 1980ல ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம்னு உலக வங்கிக் கடன்ல வந்துச்சு. முதமுதல்ல எங்க கொட்டாம்பட்டி ஒன்றியத்துலதான் சோதனை பாத்தாக. நான் எட்டாப்பு வரைக்கும் படிச்சவ, அடுத்த வருசம் என்னைய ஊட்டச்சத்துப் பணியாளரா எடுத்தாக. உத்தரத்துல தராசு தொங்கும், பிள்ளையைக் கால்சட்டை மாதிரி ஒரு பையில மாட்டி எடை பாப்போம். மாசாமாசம். ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும்.

மொதல்ல ஒருத்தியும் வரல. பிள்ளையை நிறுத்தா கண்ணுபட்டுப் போகும்னு பயம். நான் தராசுக்கே ஒரு மைப் பொட்டு வச்சேன். அப்புறம் வந்தாளுக.

எல்லாப் பிள்ளைக்கும் சத்துருண்டை கொடுக்க மாட்டோம். எவ பிள்ளை எடை ஏறாம நிக்குதோ அதுக்கு மட்டும், 90 நாளைக்கு. ஏற ஆரம்பிச்சா நிப்பாட்டிருவோம், நின்னா மறுபடி. வீட்டுக்குக் கொடுத்துவிட மாட்டோம். என் கண்ணு முன்னாடி உக்காந்து தின்னணும். ஏன்னு கேட்டா, நீ இப்பச் சொன்னியே, அதுதான். வீட்டுக்குப் போனா பங்கு.

நீ டப்பா வாங்கிட்டுப் போனது பலகாரம் கணக்கா ஆயிருச்சு. பலகாரம்னா பங்கு வைப்பாக, அது ஞாயந்தான். மருந்துன்னு சொல்லிக் குடு. மருந்தை எவன் பங்கு கேப்பான்? பிள்ளை பெத்தவளுக்கு லேகியம் கிண்டி வைக்கிறோமே, அதை மச்சினன் எடுத்துத் திம்பானா?

கேப்பை மாவை வறுத்துக்க. நிலக்கடலை, பொட்டுக்கடலை ரெண்டையும் பொடிச்சுக்க. கருப்பட்டிப் பாகு, நெய். உருண்டை பிடிச்சு ஒரு ஜாடியில போட்டு வாயைக் கட்டி, இது ரத்த மருந்து, காலையில ரெண்டு, ராவுல ஒண்ணுன்னு சொல்லிட்டு வா. எள்ளு போடாத. எள்ளால ஒண்ணும் ஆகாது, ஆனா சூடுன்னு அவ மாமியா சண்டைக்கு வந்து ஜாடியே வெளிய போயிரும். தோட்டத்துக்குப் போறப்ப முந்தானையில ரெண்டை முடிஞ்சுக்கச் சொல்லு.

பிள்ளைக்கு அப்படியே கொடுத்துராத, கடலை தொண்டையில போயிக்கிரும். நைசா அரைச்சுப் பால்ல குழைச்சு ஊட்டணும். அந்த வேலையை மாமியாகிட்டயே ஒப்படை. வைத்தியம் அவ கையில இருக்குன்னு ஆனா அவ விட மாட்டா.

மேலூர் மாப்ள | புதன், காலை 11.20

ஆத்தா, கால்ல விழுந்து கும்பிட்டுக்கிறேன். ஒரு சந்தேகம், அப்ப கடைக் கடலைமிட்டாயே போதுமா? ஆஸ்பத்திரியில சிவப்புப் பட்டைப் பிள்ளைக்குக் கடலைப் பசை பாக்கெட்தானே கொடுக்கிறாங்க?

நர்ஸ் மதினி | புதன், மாலை 6.05

அந்தப் பசையில கடலையோட பால் பவுடர், எண்ணெய், வைட்டமின், தாது உப்பு எல்லாம் அளந்து சேத்திருக்கு. 92 கிராம் பாக்கெட்ல 500 கலோரி. அது 11.5க்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு, டாக்டர் பாத்துப் பசி இருக்கான்னு சோதிச்சுட்டுக் கொடுக்கிற மருந்து. மிட்டாயைச் சின்னப் பிள்ளை வாயில வச்சிராதீங்க, ஆத்தா சொன்னது நூத்துக்கு நூறு. மூச்சுக்குழாய்ல கடலை மாட்டி வந்த பிள்ளைகளைப் பாத்திருக்கேன்.

உருண்டைக்கு "மருந்து"ன்னு பேர் வைக்கிறது சரி. ஆனா இரும்பு மாத்திரைக்குப் பதிலா இதுன்னு ஆக்கிராதீங்க. இதை மட்டும் தின்னு 8.4, 11 ஆகாது. ரெண்டும் வேணும்.

கப்பலூர்க்காரன் | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு இரவு

போய் வந்தேன். எங்க அம்மாவே ரெண்டு கிலோ உருண்டை பிடிச்சுக் கொடுத்துச்சு. பீங்கான் ஜாடி, வெள்ளைத் துணி, கட்டு. அத்தைகிட்ட "பெரியாஸ்பத்திரி நர்ஸம்மா சொன்ன மருந்து"ன்னு சொன்னேன். மதினி, நீங்க எந்த ஆஸ்பத்திரின்னே எனக்குத் தெரியாது, மன்னிக்கணும்.

மாத்திரை, நீங்க சொன்ன மாதிரியே, அரிசிப் பானைக்குப் பின்னாடி இருந்துச்சு. மூணு அட்டை, பிரிக்காம. தங்கச்சி தலையைக் குனிஞ்சிருச்சு. கருப்பாப் போறதுக்குப் பயப்பட வேண்டாம்னு சொன்னப்ப "இதை யாரும் சொல்லலையேண்ணே"ன்னுச்சு.

தாய்ப்பால் மறுபடி வச்சுப் பாத்துச்சு, பிள்ளை குடிக்க மாட்டேன்னுருச்சு. மறந்துருச்சு போல. அதுல எனக்கு இன்னும் வருத்தம்தான். பக்கத்து வீட்டுல பசும்பால் சொல்லியிருக்கோம், தண்ணி கலக்காம.

டீயும் ரஸ்க்கும் நிக்கலை. காலையில அத்தைக்கே அதுதான் சாப்பாடு, தான் திங்கிறதைத்தானே பிள்ளைக்கும் ஊட்டும். இட்லி மாவு அரைச்சு வச்சா நாலு நாள் இட்லி, அப்புறம் மறுபடி ரஸ்க்.

பேரையூர் டீச்சர் | மறுநாள், காலை 6.30

நாலு நாள் இட்லி பெருசு தம்பி. இந்த மாச எடை என்ன?

கப்பலூர்க்காரன் | அன்னைக்கே, இரவு 9.00

7 கிலோ 350 அக்கா.

கொட்டாம்பட்டி ஆத்தா | மறுநாள், காலை 10.15

ஏறிருச்சுல்ல. கோடு மேல போகுதா, அம்புட்டுத்தான் பாக்கணும். எத்தனை கிலோங்கிறதை அப்புறம் பாத்துக்கலாம். (பேத்தி: ஆத்தா இதைச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி வெத்தலை போட்டுருச்சு. சந்தோசமா இருந்தா அப்படித்தான்.)

கப்பலூர்க்காரன் | ரெண்டு மாசம் முடிஞ்சு

பிள்ளை 7 கிலோ 800. பட்டை 12.3, இன்னும் மஞ்சள்தான், ஆனா பச்சைக்கு ரெண்டு மில்லிமீட்டர். நடுவுல ஒரு வாரம் காய்ச்சல் வந்து 200 கிராம் இறங்கி, மறுபடி ஏறுச்சு. தங்கச்சிக்கு 9.5. ஊசி ரெண்டு தடவை ஏத்தினாங்க. மாப்ள ஒரு மாசம் ஊர்லயே இருந்தார். அவர் இருந்தா காலையில எல்லாருக்கும் சோறு உலையில ஏறுது, இல்லைன்னா இல்லை. அதைப் பத்தித் தனியா ஒரு இழை போடலாம்.

பூ விலை ஏறிருச்சு, அதனால தங்கச்சி மறுபடி தோட்டத்துக்குப் போகுது. முந்தானையில முடிஞ்சுக்கிட்டுத்தான் போகுது.

இன்னொன்னு. ஜாடி சீக்கிரம் காலியாகுதேன்னு தங்கச்சிகிட்ட கேட்டேன். அத்தை தினம் ஒண்ணு எடுத்துத் திங்குதாம், யாரும் பாக்காதப்ப. எனக்குக் கோவம் வந்துச்சு. தங்கச்சி சொல்லுச்சு, "மாடிப்படி ஏற முடியலண்ணே அதுக்கு, மூச்சு வாங்குது, ரத்த மருந்துன்னியே, அதான்"னு. போன வியாழக்கிழமை தங்கச்சியோட சேத்துக் கூட்டிட்டுப் போயி அத்தைக்கும் ரத்தம் பாத்தோம்.

7.2.

நர்ஸ் மதினி | அன்னைக்கே, இரவு 11.40

வயசு என்ன? இத்தனை நாளா யாரும் பாக்கலையா? இது மாத்திரையோட விடுற அளவு இல்ல, எதனால இறங்குச்சுன்னு பாக்கணும். எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?

கப்பலூர்க்காரன் | மறுநாள், காலை 7.10

52 மதினி. வர மாட்டேங்குது. அது வந்துட்டா காலையில பிள்ளையை யார் பாக்கிறதுன்னு கேக்குது. நாளைக்கு லீவு சொல்லிட்டு நானே போறேன்.